பிரேக்கின் குரல்

உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்று போயிற்று. ஆயினும் எம் வீட்டு வாகனம் இன்றும் அதுவே. மாமல்லபுரத்தினின்று திருக்கழுக்குன்றம் வழியே செங்கற்பட்டு மருத்துவரிடம் என் தாயாரை மாதந்தோறும் கொண்டு செல்வது அவ்வண்டி. பிரேக்கை மிதித்தவுடன் முன்புறத்தே ‘டொக்’கென ஓர் ஒலி எழலாயிற்று. முதலில் பார்த்த பட்டறையில் லைனிங் மாற்றினார்கள், ஒலி மாறவில்லை.

நோயறிதலை அரபியில் ‘தஷ்கீஸ்’ என்பர். ‘ஷக்ஸ்’, அதாவது ஆள், என்னும் சொல்லின் இனம். இன்னதென ஆளடையாளம் காட்டுவது. இரண்டாம் மிஸ்திரி செய்தது அதைத்தான்.

“சத்தம் ஒரு தடவையா, சக்கரம் சுத்தச் சுத்த வருதா, ஹஜ்ரத்?” என்றார்.

சக்கரத்தோடு சுழன்று வந்தால் டிரம்மை ஐயுறவேண்டும். மிதிக்கையில் ஒன்று, பின்னோக்கி ஓட்டி நிறுத்துகையில் இன்னொன்று என வந்தால், ஏதோ ஓர் உறுப்பு தளர்ந்து நகர்கிறதென்று பொருள். எங்களது பின்னது.

பிரேக் சக்கரத்தைப் பிடிக்கிறது. வண்டியின் பாரமோ முன்னேறத் துடிக்கிறது. அந்த இழுபறியைத் தாங்குவது, சக்கரத்தின் கீழ்க்கையை உடற்கூட்டோடு பிணைக்கும் கம்பியும் அதன் நுனியிலுள்ள ரப்பர் புஷ்ஷும். ரப்பர் தேய்ந்தால் இரும்பை இரும்பு முட்டும். ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, மற்றவர்கள் வண்டியை முன்னும் பின்னும் தள்ளினோம். கீழே படுத்திருந்த மிஸ்திரி வலப்பக்கத்துப் புஷ்ஷைக் காட்டினார். பின்புறப் பட்டைகளின் யூ போல்ட்டுகளையும் முடுக்கி வைத்தார்.

கடற்காற்றில் துருவேறிய நட்டோ, மண்ணெண்ணெய் ஊற்றியும் அசைய மறுத்தது. அஸர் தொழுது வந்த பின்னரே கழன்றது. இடப்பக்கத்துப் புஷ்ஷையும் உடன் மாற்றச் சொன்னேன்.