அடியோசை

எங்கள் வீட்டுக்குள் இசைக்கருவி என்று ஒன்று நுழைந்தது மூன்றாண்டுகளுக்கு முன்புதான். பொறியியல் படிக்கும் மகன், தான் சேர்த்து வைத்திருந்த பணத்தோடு எங்களிடமும் கொஞ்சம் வாங்கிக்கொண்டு போய், நீண்ட கறுப்பு உறை ஒன்றைத் தோளில் சுமந்து வந்தான். பிரித்துப் பார்த்தால் கழுத்து நீண்ட ஒரு கிதார்; கம்பிகள் நான்கே நான்கு. மீதி இரண்டு எங்கே என்று கேட்டோம். "இது பேஸ் கிதார். இதுல பாட்டு வாசிக்க மாட்டாங்க, பாட்டுக்கு அடியில வாசிப்பாங்க" என்றான். அடியில் வாசிப்பது என்றால் என்னவென்று அன்றைக்கு எங்களுக்கு விளங்கவில்லை. இருவரும் தமிழாசிரியர்கள். இசையறிவு என்று எங்களிடம் இருந்ததெல்லாம் ஒலிநாடாக் காலத்துத் திரைப்பாடல்களும், அரங்கேற்று காதையை ஆண்டுதோறும் நடத்துவதால் வாய்த்த சில கலைச்சொற்களும்தான்.

அவன் எங்களுக்கு ஒரு தேர்வு வைத்தான். 1980-இல் வந்த 'மூடுபனி' படத்தில் இளையராஜா இசையில் யேசுதாஸ் பாடிய பாடலை ஹெட்ஃபோனில் ஒலிக்கவிட்டு, பேஸ் வரும்போது கை தூக்கச் சொன்னான். வானொலியில் கேட்டுக் கேட்டு வளர்ந்த பாட்டு. குரல் வந்தது, கிதார் வந்தது, வயலின்கள் வந்தன. நாங்கள் கை தூக்கவில்லை. அவன் தன் விரலால் காற்றில் மேலும் கீழுமாகக் கோடு இழுத்துக் காட்டினான். மூன்றாம் முறை எங்களில் ஒருவருக்கு அது பிடிபட்டது, மற்றவருக்கு மறுநாள்தான். பிடிபட்ட பிறகு அதைக் கேளாமல் அந்தப் பாட்டைக் கேட்க முடியவில்லை. இத்தனை ஆண்டுகளாக எதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

வெண்பா நடத்தும்போது மாணவர்கள் எல்லாரும் தடுமாறும் இடம் தளை. எதுகை காதில் விழுகிறது, மோனை கண்ணில் படுகிறது. தளையோ எந்தச் சொல்லுக்குள்ளும் இல்லை. நின்ற சீரின் ஈற்றசைக்கும் வரும் சீரின் முதலசைக்கும் நடுவில் இருப்பது அது. மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர் என்று சூத்திரம் சொல்லிவிடலாம். ஆனால் சரியாக அமைந்தால் அப்படியொன்று இருப்பதே கேட்பவனுக்குத் தெரியாது. ஓரிடத்தில் தட்டினால் போதும், பாட்டு நொண்டும். தாளக் கருவியின் காலத்துக்கும் பாட்டின் சுரத்துக்கும் நடுவில் நின்று ஒன்றை மற்றொன்றோடு பிணைப்பதுதான் பேஸ் வாசிப்பவரின் வேலை என்று மகன் விளக்கியபோது, "அட, தளை" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவன் எங்களை விநோதமாகப் பார்த்தான்.

அதன்பின் இரவு உணவு நேரங்கள் பேஸ் கலைஞர்களின் கதைகளால் நிரம்பின. அவர்களுடைய நேர்காணல்களை அவன் தேடித் தேடிப் படிப்பான். நாங்களும் படிக்கத் தொடங்கினோம். இவர்கள் பேசுவது எதைப்பற்றி என்று பார்த்தால் கம்பி, விரல், காலம், உடன் வாசிப்பவர் என்று நாலைந்து பொருள்களுக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் அந்த நாலைந்திலும் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போவதே இல்லை.

எங்கள் மனத்தில் தங்கிவிட்டவர் ஜேம்ஸ் ஜேமர்சன். 1936-இல் தென் கரோலினாவில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது ஒரு குச்சியில் ரப்பர் பட்டையைக் கட்டி எறும்புப் புற்றில் நட்டு, அதை மீட்டி எறும்புகளை ஆடவைத்ததாக ஒரு கதை உண்டு. 1950-களில் டெட்ராய்ட் நகருக்குப் போய், பள்ளியில் ஆளுயர டபுள் பேஸ் கற்று, பின்னர் மோட்டவுன் நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்து சேர்ந்தார். ஒரு வீட்டின் பின்பகுதியில் இருந்த, 'பாம்புக் குழி' என்று கலைஞர்கள் பெயரிட்டழைத்த நெருக்கடியான அறை அது. 1960-களில் அமெரிக்கா முழுவதும் ஆடிய பாடல்களில் பெரும்பகுதிக்கு அவர் அங்கே உட்கார்ந்துதான் அடியோசை தந்தார். வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றைக் கொண்டே வாசித்தார்; அந்த விரலுக்குக் 'கொக்கி' என்று பட்டப்பெயர். அவருடைய 1962-ஆம் ஆண்டு ஃபெண்டர் கருவியின் கம்பிகளை, அறுந்தாலொழிய மாற்றவே மாட்டார். அழுக்கில்தான் ஓசையின் உயிர் இருக்கிறது என்பது அவர் கட்சி. (மகன் புதுக் கம்பிக்குப் பணம் கேட்டபோது ஜேமர்சனை மேற்கோள் காட்டிப் பார்த்தோம். பலிக்கவில்லை.)

பலிக்காததற்குக் காரணம், எதிர்க்கட்சியிலும் பெரியவர்கள் இருந்தார்கள். இங்கிலாந்தின் தி ஹூ குழுவிலிருந்த ஜான் என்ட்விசில், பியானோவைப்போல் கணீரென்று ஒலிக்கும் புதுக் கம்பிகளை விரும்பியவர். 1966-இல் ரோட்டோசவுண்ட் என்ற கம்பித் தயாரிப்பாளருடன் சேர்ந்து அத்தகைய கம்பிகளை உருவாக்குவதில் பங்கெடுத்தார். அதற்கு முந்திய ஆண்டு 'மை ஜெனரேஷன்' பாட்டுக்கு வாசித்தபோது கம்பி அறுந்தது. மாற்றுக் கம்பி கடைகளில் கிடைக்காததால், கம்பிக்காக இன்னொரு கருவியையே வாங்கினாராம். ஒருவருக்கு அழுக்கேறிய கம்பி. ஒருவருக்குப் பளபளக்கும் கம்பி. இரண்டும் நல்ல இசை.

கரோல் கேய் இன்னொரு வகை. லாஸ் ஏஞ்சலிஸில் ஜாஸ் கிதார் வாசித்துக்கொண்டிருந்தவர். 1963-இல் ஒலிப்பதிவு ஒன்றுக்கு பேஸ் வாசிப்பவர் வராமற்போனதால் அந்தக் கருவியைக் கையிலெடுத்தார். விரலால் அல்ல, சிறு வில்லையால் வாசித்தார். கம்பிகளின் கார்வையை அடக்கக் கம்பளித் துண்டு ஒன்றையும் கருவியில் பொருத்திக்கொண்டார். பீச் பாய்ஸ் குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' (1966) தொகுப்புக்கு வாசித்தவர்களில் ஒருவர். அந்த வரிகள் பிரையன் வில்சன் எழுதித் தந்தவை, தம்முடையவை அல்ல என்று தயக்கமின்றிச் சொல்லியிருக்கிறார். 2025-இல் ராக் இசைக்கான புகழ்மண்டபத்தில் தம் பெயரைச் சேர்க்க முன்வந்தபோது வேண்டாமென்று மறுத்துவிட்டார்: ஒலிப்பதிவு என்பது குழுவின் வேலை, தனியாள் பெருமைக்குரியதன்று என்பது அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று. இந்தச் செய்தியை மகன் படித்துக்காட்டிய இரவில் எங்கள் வீட்டில் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

அதற்குச் சில மாதங்கள் முன்பு நடந்ததைச் சொல்ல வேண்டும். நண்பனின் நண்பன் எடுத்த குறும்படம் ஒன்றின் பாட்டுக்கு வாசிக்க மகனைக் கூப்பிட்டிருந்தார்கள். ஓர் அடுக்குமாடி வீட்டின் அறையைப் பஞ்சு ஒட்டி ஒலிப்பதிவுக் கூடமாக்கியிருந்தார்களாம். காதில் கடிகாரம்போல 'டிக் டிக்' என்று ஓடும் காலக்கணக்கு. முன்னரே கணினியில் அடுக்கிவைத்த டிரம் ஓசை. அறையில் வேறு யாரும் வாசிக்கவில்லை. நான்கு முறை வாசித்தான். நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். பாட்டு வெளியான அன்று நாங்கள் மூவரும் கூடத்தில் உட்கார்ந்து கேட்டோம். இந்த முறை எங்களுக்கு அடியோசை முதல் வரியிலேயே காதில் விழுந்தது. அவன் முகம்தான் மாறியது. "இது நான் இல்ல" என்றான்.

விசாரித்தபோது, அவன் வாசிப்பைக் காலக்கட்டத்தில் பொருத்தித் திருத்த நேரமாகும் என்பதால் கீபோர்டிலேயே போட்டுவிட்டதாகச் சொன்னார்களாம். கருவி உறைக்குள் போயிற்று. உறை அலமாரியின் மேல் ஏறியது. படிப்பைக் கெடுக்கிறதே என்று உள்ளூரக் கவலைப்பட்டுக்கொண்டிருந்த எங்களில் ஒருவர், முதல் வாரம் நிம்மதியடைந்தார் என்பதை மறைப்பதற்கில்லை. அந்த நிம்மதி நீடிக்கவில்லை.

ஆறுதல் சொல்ல எங்களிடம் அவன் சொல்லித்தந்த கதைகளே இருந்தன. அவற்றையே அவனிடம் திருப்பிச் சொன்னோம். மெட்டாலிகா குழுவில் ஜேசன் நியூஸ்டட் சேர்ந்தபின் வந்த 1988-ஆம் ஆண்டு இசைத்தொகுப்பில், கலவையின்போது அவருடைய பேஸ் ஏறக்குறையக் காதில் விழாத அளவுக்குத் தாழ்த்தப்பட்டது. பிரின்ஸ், 1984-இல் 'வென் டவ்ஸ் க்ரை' பாட்டிலிருந்து பேஸையே எடுத்துவிட்டார். அந்தப் பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. ஜேமர்சனுக்கு என்ன நடந்தது? அத்தனை வெற்றிப் பாடல்களின் உறைகளிலும் அவர் பெயர் இல்லை. 1971-இல் மார்வின் கேயின் தொகுப்பு ஒன்றில்தான் மோட்டவுன் கலைஞர்களின் பெயர்கள் முறையாக அச்சேறின. 1983-இல் அந்த நிறுவனம் தன் வெள்ளிவிழாவைக் கொண்டாடியபோது, அவர் மேடையில் இல்லை. சீட்டு வாங்கிக் கூட்டத்தோடு உட்கார்ந்து பார்த்தார் என்று அவர் வரலாற்றில் படிக்கிறோம். அதே ஆண்டு ஆகஸ்டில் இறந்துபோனார். "எனக்கே கதை சொல்றீங்களா?" என்று மகன் சிரித்தான். சிரித்தது நல்ல அறிகுறியாகத் தோன்றியது.

எங்களுக்கு வந்த கோபம் கணினிமீது. அவன் அதை ஏற்கவில்லை. ஸ்டீவி வொண்டர் 1970-களிலேயே மூக் சின்தசைசரில் தம் கையால் அருமையான பேஸ் வரிகளை வாசித்தவர் என்றான். 1981-இல் ரோலண்ட் நிறுவனம், பேஸ் கலைஞர் இல்லாத இடத்தில் துணைக்கு வைத்துக்கொள்ள டிபி-303 என்றொரு சிறு பொறியைச் செய்தது. அது பேஸ் கிதார்போல ஒலிக்கவே இல்லை, விற்கவில்லை, 1984-இல் நிறுத்திவிட்டார்கள். பழைய விலைக்குக் கிடைத்த அந்தப் பொறிகளை சிகாகோ இளைஞர்கள் வாங்கித் திருகிப் பார்த்து, 1987-இல் அதிலிருந்து புதிய நடன இசை ஒன்றையே எடுத்துவிட்டார்கள். போலிசெய்யத் தவறிய பொறி தன் சொந்தக் குரலைக் கண்டுகொண்டது. அதைக் குறைசொல்ல என்ன இருக்கிறது?

அந்த இசையமைப்பாளர் பக்கத்திலும் நியாயம் உண்டு. பேஸ் கிதாரின் கீழ்க்கம்பி நொடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. கைபேசியின் ஒலிபெருக்கிக்கு அந்த அதிர்வைத் தர வலுவில்லை. மேல் அதிர்வுகளைக் கொண்டு நம் காதுதான் கீழோசையை ஊகித்துக்கொள்கிறது. அதனால் இன்றைய கலவையாளர்கள் பேஸில் கொஞ்சம் கரகரப்பைச் சேர்த்து அந்த மேல் அதிர்வுகளைக் கூட்டுகிறார்கள். கீபோர்டில் இது எளிது. இதெல்லாம் புதிய தொல்லையும் அன்று. கீழோசை மிகுந்தால் இசைத்தட்டில் ஊசி துள்ளிவிடும் என்று லண்டன் ஒலிப்பதிவாளர்கள் அஞ்சிய காலம் உண்டு. 1966-இல் பால் மெக்கார்ட்னியின் பேஸைத் தூக்கிக்காட்ட ஒலிபெருக்கி ஒன்றையே மைக்காக மாற்றி வைத்துப் பதிவுசெய்தார்கள்.

பின் எதுதான் அவனை வருத்தியது? பல நாள் கழித்து ஒருமுறை தானாகச் சொன்னான்: "எடுத்தது கூடப் பரவால்ல. வாசிக்கும்போதே யாருக்குப் பதில் சொல்றேன்னு தெரியல."

அப்போதுதான் அவன் முன்பு வற்புறுத்திக் கேட்கவைத்த இன்னொரு தொகுப்பின் பொருள் எங்களுக்குப் புரிந்தது. டி'ஏஞ்சலோவின் 'வூடூ' (2000). நியூயார்க்கில் எலெக்ட்ரிக் லேடி கூடத்தில் பதிவானது. வேல்ஸ் நாட்டுக்காரரான பினோ பல்லடினோ பேஸ். ஒவ்வொரு சுரமும் வரவேண்டிய இடத்துக்கு ஒரு நூலிழை பிந்தி வரும். பிழையா என்றால் இல்லை, டிரம் வாசிப்பவரும் சேர்ந்தே அந்தப் பிந்துதலைச் செய்கிறார்; எவ்வளவு பிந்துவது என்பது ஒருவர் மற்றவரைக் கேட்டு அந்தக் கணத்தில் எடுக்கும் முடிவு. அதைக் கணினித் திரையின் கட்டங்களில் வைத்தால் எல்லாம் கோணலாகத் தெரியும். நேராக்கினால் பாட்டு செத்துவிடும். யாப்பைச் சரிபார்க்கும் மென்பொருள்கள் இன்று இருக்கின்றன. நாங்களும் வகுப்பில் பயன்படுத்துகிறோம். தளை தட்டாத வெண்பாவைக் காட்டித்தரும். எதற்கு எழுதினாய் என்று கேட்காது. தண்ணுமை ஆசிரியனுக்கு இலக்கணம் சொல்லும் இடத்தில் இளங்கோவடிகள் ஆக்கலையும் அடக்கலையும் சேர்த்துச் சொல்கிறார். உடன் ஒலிக்கும் கருவிகளின் குறையை நிரப்புவது, மிகையை அடக்குவது என்று இருபதாண்டுகளாக உரை சொல்லிவருகிறோம். குறையும் மிகையும் அறிய அங்கே உடன் வாசிக்க ஒருவர் வேண்டுமல்லவா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுத்த தெருவிலிருக்கும் அவன் நண்பன், மேலே உட்கார்ந்து கையால் தட்டி வாசிக்கும் மரப்பெட்டி ஒன்றோடு வந்தான். அலமாரியின் மேலிருந்து உறை இறங்கும் ஓசை கேட்டது. கதவைச் சாத்திக்கொண்டார்கள். நாங்கள் கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தோம். கீழோசைக்குச் சுவர் ஒரு பொருட்டில்லை. மற்றதெல்லாம் அறைக்குள் நின்றுவிட, அது மட்டும் தரை வழியாக மேசைக்கு வந்தது. குரல் இல்லை, மெட்டு இல்லை. எங்களில் ஒருவர் 'மூடுபனி' என்றார். மற்றவர் இல்லவே இல்லை, அது இவ்வளவு நிதானமாகப் போகாது என்றார். கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாம். கேட்காமல், பேனாவை மூடிவைத்துவிட்டு, அந்த வரி இன்னொரு முறை சுற்றி வரட்டும் என்று காத்திருந்தோம்.