அரைக் கிலோ சாட்சி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குக் காலை ஷிப்ட் ஆட்களை ஏற்றிச் செல்லும் கம்பெனி வேன்கள் போன பிறகுதான் சாலையைத் தாண்ட முடிந்தது. மறுபக்கம் நவரை அறுத்த வயல், வெறும் தாள். மண் மாதிரி எடுக்க வந்த அக்கா உடனே மண்வெட்டியைப் போடவில்லை. முதலில் நிலத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

உதவுகிற நினைப்பில் நான் வரப்போரம் ஒரு கை மண் அள்ளினேன்.

"வரப்பாண்ட எடுக்காதீங்க சார். எருக்குப்பையாண்ட வேணாம், மரத்து நெழல்லயும் வேணாம். அந்த மண்ணெல்லாம் பொய் சொல்லும்."

வளைந்து வளைந்து நடந்து, ஓர் ஏக்கரில் பதினைந்து இடம் தேர்ந்தார். மேலே கிடந்த சருகையும் தாளையும் ஒதுக்கிவிட்டு, அரையடி ஆழத்துக்கு 'வி' போல வெட்டுவார். வெட்டிய மண்ணை வெளியே தள்ளிவிடுவார், அது வேண்டாம். குழியின் பக்கச் சுவரை மேலிருந்து கீழ்வரை விரல் கனத்துக்கு மூங்கில் சிம்பால் சுரண்டுவார். துருப்பிடித்த இரும்பு பட்டால் நுண்ணூட்டக் கணக்கு கெட்டுவிடும் என்பதால் மூங்கில். சேர்ந்த மண்ணைச் சாக்கில் பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளினார். திரும்பக் கலந்து, திரும்பப் பிரித்து, கடைசியில் மிஞ்சியது அரைக் கிலோ. துணிப்பையில் கட்டினார்.

ஓர் ஏக்கரின் அரையடி மேல்மண் ஏறக்குறைய 900 டன் இருக்கும். அத்தனைக்கும் இந்த அரைக் கிலோதான் சாட்சி. ஆய்வகத்தில் கரிமச்சத்துப் பார்க்க அதிலும் ஒன்றிரண்டு கிராம் போதும். எந்திரம் எவ்வளவு துல்லியமாக இருந்தால் என்ன, கணக்கு இந்த அக்காவின் கையிலேயே முடிந்துவிடுகிறது.

எனக்கு இது பட்டறிவு. மண்வள அட்டைத் திட்டம் 2015-ல் வந்த பிறகு எங்கள் நிலத்துக்கும் ஓர் அட்டை கிடைத்தது. மண் எடுக்க வந்தவர் பைக்கை விட்டு இறங்கி, சாலையோரம் ஒரே இடத்தில் தோண்டிக்கொண்டு போனார். அப்பா வருஷம் முழுக்க எரு கொட்டி வைக்கும் இடம் அது! மணிச்சத்து 'அதிகம்' என்றது அட்டை. நம்பி சூப்பர் பாஸ்பேட்டைக் குறைத்தோம். அந்தப் போகம் பயிர் தூர் கட்டவேயில்லை.

அக்கா மண் எடுத்த நிலத்துக்குப் பக்கத்து வயல்காரர் பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்திருந்தார், ஏக்கருக்கு 20 கிலோ. இடுப்பளவு வளர்ந்திருந்தது. ஒரு செடியைப் பிடுங்கி, வேர் முடிச்சு ஒன்றை நகத்தால் பிளந்து காட்டினார். உள்ளே ரத்தச் சிவப்பு. காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடிக்கும் பாக்டீரியா உயிரோடு வேலை செய்கிறது என்பதற்கு அந்த நிறமே அடையாளம். 45 நாளுக்குள், பூக்குமுன் மடக்கி உழ வேண்டும். விட்டால் தண்டு முற்றி மட்கத் தாமதமாகும். போன முறை மண் பரிசோதித்தபோது அவர் நிலத்தில் கரிமச்சத்து அரை சதவீதத்துக்கும் கீழே, அதாவது 'குறைவு'. யூரியா மூட்டையால் அதை ஏற்ற முடியாது, அதனால்தான் தக்கைப்பூண்டு.

அக்காவின் மகன் சிப்காட்டில் வேலை செய்கிறான். மண்வெட்டி பிடித்ததில்லையாம். பையைத் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நேரம் பார்த்தார்.

அடுத்த முறை உங்கள் கைக்கு அட்டை வந்தால், எண்களைப் படிக்குமுன் ஒன்று கேளுங்கள்: மண்ணை எத்தனை இடத்தில் எடுத்தீர்கள்?