சிமாயோ திருப்பயணத்தில் ஒரு வீட்டு வண்டி

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத் தலைநகரம் சாண்டா ஃபே. 'புனித விசுவாசம்' என்பது இந்த ஸ்பானியப் பெயரின் பொருள். 1610-ம் ஆண்டில் நிறுவப்பட்ட இந்நகர், கடல் மட்டத்திற்கு மேல் 2,100 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் உள்ளது. பேராயர் லாமி 1869-ல் கட்டத் தொடங்கிய புனித பிரான்சிஸ் அசிசியார் பேராலயம் நகரின் நடுவே எழுந்து நிற்கிறது. வடக்கே மலையடிவாரத்தில் இருக்கும் சிற்றூர் சிமாயோ. சுடாத மண்கற்களால் 1816-ல் கட்டப்பெற்ற அதன் சிற்றாலயத்தை நாடி, ஆண்டுதோறும் பெரிய வெள்ளியன்று ஆயிரக்கணக்கானோர் கால்நடையாகச் செல்கின்றனர்.

முதியோரும் குழந்தைகளும் உள்ள குடும்பத்தினர் சிலர் 'ஆர்.வி.' எனப்படும் வீட்டு வண்டியில் வருவதுண்டு. படுக்கை, அடுப்பு, குளியலறை யாவும் அதனுள் அடக்கம். சுமார் 22 லிட்டர் கொள்ளும் கொதிகலன் ஒன்று, புரொப்பேன் வாயுவில் எரிந்து வெந்நீர் தரும். வசந்த காலத்திலும் இரவுக் குளிர் உறைநிலையை நெருங்கும் மலைநாடாதலால், முதியோருக்கு வெந்நீர் இன்றியமையாதது.

பெரிய வியாழன் மாலை, எங்களை அழைத்துச் சென்ற தம்பதியரின் வண்டியில் அக்கொதிகலன் எரிய மறுத்தது. விசையைப் போட்டதும் பொறி தட்டிற்று, சுடர் பிடிக்கவில்லை, சிவப்பு விளக்கு எரிந்தது. கணவரின் எண்பது வயதுத் தாயார், ஆலயத்திற்கு முன்னுள்ள இரண்டு மைல்களை மறுநாள் நடந்தே கடப்பதாக நேர்ந்திருந்தார். தீக்குச்சியைக் கிழித்து உள்ளே காட்டினால் போதும் என்றார் அண்டை வண்டிக்காரர். மகனோ மறுத்துவிட்டார்.

முதலில் வாயு நெடி உண்டா என்று பார்த்தார், இல்லை. இருந்திருந்தால், எந்த மின்விசையையும் தொடாமல் அனைவரும் வெளியேறி, உருளையின் வால்வை மூடியிருக்க வேண்டும். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது; தரையோடு தேங்கி, ஒரு பொறியில் வெடிக்கக்கூடியது. பிறகு சமையலடுப்பை ஏற்றினார். சுடர் நீலமாக நின்றது. ஆகவே வாயு வருகிறது, குழாயில் காற்று அடைபடவில்லை. வெறுங்கலன் எரிந்தால் பாழாகும் என்பதால், அதில் நீர் நிறைந்திருப்பதை உறுதி செய்துகொண்டார். 12 வோல்ட் மின்கலத்திலும் குறையில்லை.

எஞ்சியது ஒன்றே. வாயுவையும் மின்சாரத்தையும் நிறுத்தி, கொதிகலனின் வெளிக்கதவைத் திறந்து, காற்றும் வாயுவும் கலக்கும் பர்னர் குழலைக் கழற்றினார். குளிர்காலம் முழுவதும் ஓய்ந்திருந்த அக்குழலினுள் சிலந்தி வலை பின்னியிருந்தது! மெல்லிய தூரிகையால் துடைத்துப் பொருத்தி, மீண்டும் இயக்கினார். நீலச்சுடர் பிடித்தது. அது மஞ்சளாக எரிந்திருந்தால் உடனே அணைத்திருப்பார். காற்றுப் போதாமல் எரியும் வாயுவிலிருந்து கார்பன் மோனாக்சைடு மிகுதியாக எழும். நெடியே இல்லாத அந்நஞ்சு உறங்குவோரின் உயிரைக் குடித்துவிடும்.

மறுநாள் தாயார் தம் நேர்ச்சையை நிறைவேற்றினார். ஆலயத்தின் சிறு அறையிலுள்ள குழியிலிருந்து, எல்லோரையும் போல் ஒரு சிட்டிகைப் புனித மண்ணையும் எடுத்துக்கொண்டார். மாலையில் வண்டிக்குத் திரும்பியதும், வீங்கிய அவர் பாதங்களை மருமகள் வெந்நீரில் கழுவித் துடைத்தார். முந்திய நாள் திருவழிபாட்டில் நாம் கண்டது அங்கே மீண்டும் நிகழ்ந்தது.

உருளையில் வாயு இருந்தது, கலனில் நீர் இருந்தது. இடையில் தடுத்தது ஒரு சிலந்தி வலை. நம் இல்லங்களிலும் அன்பு வற்றிவிடுவதில்லை. சின்னஞ்சிறு மனத்தாங்கல்கள் அதன் வழியை அடைத்துவிடுகின்றன. அவற்றை நீக்க ஆத்திரம் உதவாது, பொறுமை வேண்டும்.