இரண்டு பெட்டிகள்

ஏறத்தாழ 3500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரைச் சுற்றிய சிற்றூர்களில் குழந்தைகளுக்கு ஆஸ்துமா அரிது என்று கருதுவதற்குக் காரணம் உண்டு. ஒவ்வாமையைத் தூண்டும் வீட்டுத்தூசி உண்ணிகள் ஈரப்பதமின்றிப் பெருகுவதில்லை. லடாக்கின் காற்றோ மிக வறண்டது. ஐரோப்பாவில் ஆஸ்துமா உள்ள குழந்தைகளை ஆல்ப்ஸ் மலையின் டாவோசுக்கு அனுப்பிச் சிகிச்சையளித்ததிலும் இந்த வறட்சிக்குப் பங்குண்டு.

ஆனால் டாவோசின் மருத்துவமனை வேறு, லடாக்கின் குளிர்கால அடுப்படி வேறு. வெப்பம் வெளியேறாதபடி அடைத்த அறை, வறட்டி எரியும் அடுப்பு, அதன் அருகிலேயே குழந்தை. வெளியே ஓடினால் உறைகுளிர். குளிர்ந்த வறண்ட காற்றை விரைந்து இழுப்பதே சில குழந்தைகளின் மூச்சுக்குழல்களைச் சுருக்கப் போதுமானது.

நோயின் அளவை எப்படி அறிகிறோம்? 1991இல் தொடங்கிய ஐசாக் என்னும் பன்னாட்டு ஆய்வின் வினாப்படிவமே இன்றும் பலருக்கு முன்மாதிரி. கடந்த 12 மாதங்களில் நெஞ்சில் சீழ்க்கை போன்ற ஒலி எழுந்ததா என்பது அதன் மையக் கேள்வி. அந்த ஒலிக்கு எல்லா மொழியிலும் தனிச்சொல் இல்லை என்பதால் காணொளி வினாப்படிவமும் உருவாக்கப்பட்டது. தமிழில் மட்டும் என்ன வாழ்கிறது? ‘இளைப்பு’ என்றால் ஒருவருக்குச் சோர்வு, மற்றொருவருக்கு மூச்சுத்திணறல்.

என்னை நிறுத்தியது சொல்லன்று, இலக்கணம். லடாக்கி மொழியில் பேசுபவர் தாம் அறிந்த வழியை வினைமுடிவிலேயே காட்டிவிடுகிறார். கண்ணால் கண்டதற்குத் ‘துக்’. காதால் கேட்டதற்கும் உடலால் உணர்ந்ததற்கும் ‘ரக்’. பிறர் சொல்லக் கேட்டதற்கு ‘லோ’ ஒட்டிக்கொள்ளும். மொழியியல் வகுப்பில் இதைத் தேர்வுக்காகப் படித்தேன். களத்தில் ஒரு தாய், உறங்கும் மகனின் நெஞ்சொலியைப் பற்றி ‘ரக்’ என்று முடித்தார். அடுத்த வீட்டுப் பாட்டி, மூச்சிழுக்கையில் பேத்தியின் விலாவிடைகள் உள்வாங்குவதைத் ‘துக்’ என்றார். மேய்ச்சல் நிலத்திலிருந்து திரும்பிய தந்தை ஒருவரின் பதிலில் ‘லோ’ இருந்தது. அவர் மனைவி சொன்னதைத்தான் சொன்னார். மூன்றும் இந்தியில் ‘ஹாங்’ ஆயின. படிவத்தில் ‘ஆம்’ ஆயின.

மருத்துவருக்கு இவை ஒன்றல்ல. இரவில் கேட்ட சீழ்க்கை ஆஸ்துமாவை நோக்கிக் கைகாட்டலாம். விலா உள்வாங்கும் குழந்தையை அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அது நிமோனியாவாகவும் இருக்கக்கூடும். தந்தையின் பதிலுக்கோ, தாயிடம் மீண்டும் கேட்பதே முறை.

இப்போது ஒவ்வொரு விடையின் ஓரத்திலும் அதன் வினைமுடிவைப் பென்சிலால் குறித்து வருகிறேன். தரவு உள்ளிடும் மென்பொருளில் அதற்கு இடமில்லை.