நம்ம தொகுதி, யாருடைய நிலம்?

பாட்டு கேட்டு அழைக்கும் நேயர்களோடு, ஒலிவாங்கியை மூடிய பிறகும் இரண்டு வார்த்தை பேசுவது என் வழக்கம். கேமரன் மலைப் பக்கத்து நேயர் என்றால் பேச்சு எப்படியும் அரசியலுக்கு வந்துவிடும். "நம்ம தொகுதி போயிடுச்சே, தங்கச்சி" என்று இன்றும் ஆதங்கப்படுகிறவர்கள் உண்டு.

போனது 2019 ஜனவரி 26-இல். 2004 முதல் ம.இ.கா. வைத்திருந்த நாடாளுமன்றத் தொகுதி அது. தேவமணி, பழனிவேல், சிவராஜ் என்று வரிசையாக நம்மவர்கள். 2018 பொதுத்தேர்தலில் வாக்குக்குப் பணம் கைமாறியதாகத் தேர்தல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 597 வாக்கில் கிடைத்த சிவராஜின் வெற்றி செல்லாமல் போனது. இடைத்தேர்தலில் தேசிய முன்னணி ரம்லி முகமட் நோரை நிறுத்தியது. 3,238 வாக்குப் பெரும்பான்மையில் வென்றார். மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஓராங் அஸ்லி அவர்.

கியா பார்மில் பிறந்து வளர்ந்த எனக்கு இதில் வருத்தப்பட ஒன்றும் தெரியவில்லை. இந்த மலைக்குத் தேயிலை வந்தது 1929 வாக்கில். அதைக் கிள்ள நம் பாட்டன் பாட்டி வந்தபோது ஓராங் அஸ்லி மக்கள் இந்தக் காட்டில் எத்தனையோ தலைமுறை வாழ்ந்திருந்தார்கள். தொகுதி வாக்காளர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அவர்கள். நாம் அதைவிடக் குறைவு. அவர்களில் ஒருவர் மக்களவைக்குப் போக, சுதந்திரத்துக்குப் பிறகு அறுபது ஆண்டுக்கு மேல் ஆனது. அதற்காக எந்த நேயரும் என்னிடம் ஆதங்கப்பட்டதில்லை!

சரி, நம்மவர் இருந்தபோது நிலைமை எப்படி இருந்தது? 2013 அக்டோபர் 23-ஆம் தேதி பின்னிரவில் சுல்தான் அபு பக்கர் அணை திறந்துவிடப்பட்டு, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்து உயிர்கள் போயின. மேலே காட்டை வெட்டி வெட்டி, சரிந்த மண் அணையில் நிறைந்திருந்தது. அப்போது நம் நாடாளுமன்ற உறுப்பினர்தான் இயற்கை வள, சுற்றுச்சூழல் அமைச்சர். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நிலம் மாநில அரசின் அதிகாரம். கூட்டரசு அமைச்சரே நினைத்தாலும் பகாங்கில் ஒரு துண்டு நிலத்துக்குப் பட்டா தர முடியாது. எங்கள் பக்கத்துக் காய்கறி விவசாயிகள் காலங்காலமாக வருடா வருடம் புதுப்பித்துப் பயிர் செய்த டி.ஓ.எல். உரிமமும் மாநிலம் கொடுத்ததுதான்.

ஆக, கோலாலம்பூர் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று நாம் சண்டை போடுகிறோம். நிலத்தைக் கையில் வைத்திருக்கும் குவாந்தானை யாரும் தொந்தரவு செய்வதில்லை. "நம்ம ஆள்" என்ற பேச்சு அவர்களுக்கு எவ்வளவு வசதி!

என் அத்தை இன்னும் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். வேலை இருக்கும்வரைதான் தோட்ட வீடு. பிரிஞ்சாங்கில் வாடகைக்கு விசாரித்தால், சுற்றுப்பயணிகளுக்குச் சொல்லும் 'ஹோம்ஸ்டே' விலையை நமக்கும் சொல்கிறார்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு மலையிலேயே வீட்டு நிலம் ஒதுக்குங்கள் என்று ஒரு மனு எழுதித் தரும்படி அத்தை என்னிடம் கேட்டார். சட்டமன்ற உறுப்பினருக்கு ஒன்று, மந்திரி பெசாருக்கு ஒன்று எழுதிக் கொடுத்தேன். லயத்து ஆட்களோடு பக்கத்து ஓராங் அஸ்லி கிராமத்துக்காரர்களிடமும் கையெழுத்து வாங்கலாமா என்று கேட்டார். அவர்களுக்கும் நிலப் பிரச்சினைதானே. அது எனக்குத் தோன்றவே இல்லை.

அத்தைக்கு 57 வயது. 60-இல் ஓய்வு.