பார்வை என்ற வார்த்தை

விமர்சனத்தில் நான் தாராளமாகச் செலவழித்த வார்த்தை 'பார்வை'. ஒரு கவிஞனிடம் அது இருக்கிறது, இன்னொருவனிடம் இல்லை என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். கிளாவரைக்காரர் ஒருவர் என் கௌண்டருக்கு வந்துபோன பிறகு அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி எல்லாம் தாண்டி, பஸ் போய் நிற்கும் கடைசி ஊர் கிளாவரை. அவர் பூண்டு பயிரிடுகிறவர். முகத்தில் பாதியைத் துண்டால் மூடியிருந்தார். க்ஷயரோகிகளின் சாப்பாட்டுக்கென்று அரசாங்கம் 2018 முதல் கணக்கில் போட்டுவருகிற பணம் (மாதம் 500 ரூபாய், 2024 நவம்பரிலிருந்து 1000) அவருக்கு வரவேண்டும். கணக்கு முடங்கிக் கிடந்தது. துண்டை எடுக்கச் சொன்னேன். இடது கண் குழியை விட்டு முன்னால் பிதுங்கி, சற்றுக் கீழே இறங்கியிருந்தது. பாஸ்புக் போட்டோவில் இரண்டு கண்ணும் ஒரே மட்டம்.

"போட்டோ ஒத்துப்போகலையே. புதுசா எடுத்துக் கொண்டாங்க."

"சரிங்க சார்."

ஒரு நாள் வேலையும் பஸ் சார்ஜும் போயிற்று அவருக்கு. விதி என் பக்கம்தான் இருந்தது. முகத்தைச் சரிபார்த்தேன், பார்க்கவில்லை.

பிறகுதான் படித்தேன். சாதாரணக் கிருமிகள் கண்குழிக்குள் புகுந்தால் வலி, சிவப்பு, ஜுரம் என்று சில நாட்களிலேயே ஆளை ஆஸ்பத்திரிக்கு விரட்டிவிடும். க்ஷயக் கிருமிக்கு அவசரமில்லை. ரத்தத்தின் வழியாகவோ, மூக்கை ஒட்டிய எலும்பறைகளின் வழியாகவோ வந்து, குழியின் எலும்பிலோ அதைப் போர்த்திய சவ்விலோ தங்கி, மாதக்கணக்கில் வளர்கிறது. பெரும்பாலும் சூடு கிடையாது. சிலருக்கு இருமல்கூட இராது. அபூர்வமானது என்பதால் புற்றுக்கட்டியோ என்று சந்தேகம் வரும். சதையைத் துளி எடுத்துச் சோதிக்க வேண்டும். விட்டுவிட்டால் கண் நரம்பு நசுங்கிப் பார்வை போகும். அவருக்குப் பல மாதம் சொட்டு மருந்துதான் கிடைத்ததாம். பார்க்கத் தவறியவர்கள் வரிசையில் நான் முதல் ஆள் இல்லை. அதில் ஆறுதலும் இல்லை.

பி.ஏ. வகுப்பில் நான் கற்ற க்ஷயம் வேறு. கீட்ஸின் வெளிறிய இளமை. நோயை அலங்காரமாக்குவதைக் கண்டித்து 1978-ல் சூஸன் ஸான்டாக் எழுதியதைப் படித்துத் தலையாட்டியும் இருக்கிறேன். புதுமைப்பித்தன் 1948-ல் இந்த நோயில் செத்ததை நாம் ஒரு இலக்கியச் சம்பவமாக ஆக்கிக்கொண்டோம். சீழுக்கும் பிதுங்கிய கண்ணுக்கும் நம் படிமங்களில் இடமில்லை. மலைக்காற்றே மருந்து என்பதும் இந்த ரகம்தான். ஸானடோரியத்தில் படுத்திருந்தாலும், நெரிசலான வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்று 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி காட்டியது. கிளாவரையில் காற்றுக்குக் குறைவில்லை. மாத்திரைதான் வந்து சேரவேண்டும்.

பல மாதம் கழித்து, கடன் விஷயமாக ஃபீல்டு ஆபீஸருடன் கிளாவரைக்குப் போனேன். வாசலில் பூண்டு தரம்பிரித்துக்கொண்டிருந்தார். கண் ஏறக்குறைய உள்ளே போயிருந்தது. அவர் விழுங்கும் மாத்திரைகளில் ஒன்றான எதாம்ப்யூட்டால் சிலருக்குக் கண் நரம்பைத் தாக்கும். சிவப்பும் பச்சையும் குழம்பத் தொடங்குவது அதற்கு ஒரு அடையாளம்.

"கொடியில வீட்டுக்காரி செவப்புச் சேலை. பின்னால பீன்ஸ் தோட்டம். காலையில எந்திரிச்சதும் ரெண்டையும் பார்த்துக்குவேன் சார். மங்கினா உடனே வந்து சொல்லணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

உள்ளே போய் பாஸ்புக்கை எடுத்துவந்தார். நான் கேட்டு வாங்கி ஒட்டிய புது போட்டோவில் கண் பிதுங்கியிருந்தது. இப்போது அதுவும் முகத்தோடு ஒத்துப்போகவில்லை.

"மறுபடி மாத்தணுமா சார்?"

அவர் முகத்தைப் பார்த்தேன். வேண்டாம் என்றேன்.