படிக்காமல் பேசியவன்

கோவில்பட்டியில் என்னைத் தத்துவம் படித்தவன் என்பார்கள். அது பொய். அந்தப் பொய்யை வளர்த்தவன் நான்தான். காண்ட், ஹெகல், சார்த்தர் என்று டீக்கடை பெஞ்சில் பெயர்களை அடுக்குவேன். ஒருவருடைய நூலையும் முழுசாகப் படித்ததில்லை. முன்னுரையும் பின்னட்டையும்தான் என் படிப்பு. கி.ரா.வும் பூமணியும் எழுதிய கரிசல் மண்ணில், இலக்கியம் பேசுகிறவர்கள் நடுவே மதிப்பாக உட்கார அதுவே போதுமாக இருந்தது.

இதில் ஒருவனைக் கெடுத்தேன். தீப்பெட்டி ஆபீசில் மருந்து கலக்கும் பையன். “அண்ணாச்சி, தத்துவம் படிக்கணும். எதுல ஆரம்பிக்க?” என்றான். காண்ட் 1781இல் எழுதிய ‘தூய அறிவின் விமர்சன’த்தை ஆங்கிலத்தில் தூக்கிக் கொடுத்தேன். நானே உள்ளே நுழைய முடியாத புத்தகம். கொஞ்ச நாளில் திருப்பிக் கொண்டுவந்தான். “என் மண்டைக்கு ஏறல அண்ணாச்சி.” எனக்கும் ஏறவில்லை என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதன்பிறகு அவன் புத்தகமே கேட்கவில்லை.

ரொம்பப் பிந்தித்தான் மணிமேகலையின் 27ஆம் காதையை உரையோடு, வரி வரியாகப் படித்தேன். தவசி வடிவில் வஞ்சிக்குப் போகும் மணிமேகலை, ஆசீவகர், நிகண்டவாதி, சாங்கியர், வைசேடிகர் என்று ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். கடைசியில் பூதவாதி. பூவையும் வெல்லக்கட்டியையும் சேர்த்தால் கள்ளின் மயக்கம் பிறக்கிற மாதிரி, நிலம், நீர் போன்ற பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது என்கிறான். கண்ணால் காண்பது மட்டுமே உண்மை என்பது அவன் கட்சி. அப்படியானால் உன் தாய் தந்தையை அனுமானம் இல்லாமல் எப்படி அறிந்தாய் என்று மடக்குகிறாள். தனித்தனியே கிடந்த பொருள்கள் கலந்ததும் நெருப்பைப் பிடித்து வைப்பதைத் தினமும் பார்க்கிற பையனுக்கு, பூதவாதியின் பேச்சு ஒரே மூச்சில் புரிந்திருக்கும். சண்டைக்கே வந்திருப்பான். முதலில் இதைத்தான் கொடுத்திருக்க வேண்டும்.

அடுத்து ‘நீலகேசி’ என்ற சமணக் காப்பியத்தைக் கொடுத்திருக்கலாம், அது முழுக்க வாதம். பக்கத்துக் கழுகுமலைப் பாறையில் சமண ஆசிரியர், மாணாக்கர் பெயர்கள் வட்டெழுத்தில் இன்னும் இருக்கின்றன. மேற்கத்தியத் தத்துவத்துக்கு ‘சோஃபியின் உலகம்’ தமிழிலேயே கிடைக்கிறது.

தம்பி, இது உன் கண்ணில் பட்டால்: குறை உன் மண்டையில் இல்லை. நான் படிக்காத புத்தகத்தை உனக்குக் கொடுத்தேன். மணிமேகலை வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வா, சேர்ந்து படிப்போம்.